தலைவலி ஆஜராகவில்லை

தெஹ்ரானில் மூக்கின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஒருவர் எதிரே வந்தால், எங்கே விழுந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வாழ்த்துச் சொல்லிவிட்டு, மூக்கை அழகாகச் செதுக்கியது எந்த டாக்டர் என்று விசாரிப்பதுதான் முறை. கத்தியே படாத மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. வசதியான வீடு என்று நாலு பேர் நினைப்பார்கள் அல்லவா. ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் அரசாங்கக் காப்பீட்டு நிறுவனம் அழகுக்குச் சல்லிக்காசு தராது, நோய்க்குத்தான் தரும். மூக்கு எலும்பு உள்ளே கோணியிருந்து, அதனால் தலை வலிக்கிறது என்றால் தரும். விதி தெரிந்ததும் ஊரில் தலைவலி பெருகியது.

நிறுவனத்தார் சும்மா இருப்பார்களா? வனக் சதுக்கத்துக்குப் பின்னால் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றைப் பிடித்து, 'மூக்கு–தலைவலித் தொடர்பு விசாரணை ஆணையம்' என்று பலகை மாட்டினார்கள். ஆணையத்தின் வேலை தலைவலியைத் தீர்ப்பது அல்ல, அதைச் சந்தேகப்படுவது. அந்த வேலையை அது மிகுந்த ஒழுங்கோடு செய்துவந்தது.

ஹெஷ்மத்துக்கு உண்மையிலேயே தலை வலித்தது. சிக்கலே அதுதான்.

ஜவாதியா பேட்டையில் ஹாஜி முராதின் ரொட்டிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக அடுப்பில் நிற்பவர் அவர். சங்கக் ரொட்டி என்றால் சும்மா இல்லை. ஆள் நீளத்துக்கு மாவை மரத் துடுப்பில் பரப்பி, கொதிக்கும் கூழாங்கற்களின் மேல் ஒரே இழுப்பில் போட வேண்டும். குனிய வேண்டும், நிமிர வேண்டும், விடியற்காலை தொடங்கி இருநூறு முறை. மூன்று வருடமாக, குனிந்து நாற்பதாவது ரொட்டி போடும்போது இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கத் தொடங்குவார்கள். கண் தானாக மூடிக்கொள்ளும். மூடியிருக்கிற நேரத்தில் ரொட்டி கருகும்.

பேட்டை மருத்துவமனையில் டாக்டர் மஹின் என்கிற பெண்மணி விளக்கடித்து மூக்குக்குள் பார்த்தார். சின்ன வயதில் கால்பந்து பட்டு வளைந்த மூக்கு அது.

"உள்ள எலும்பு கோணிப் போய்ப் பக்கத்துச் சுவரை முட்டுது, ஹெஷ்மத் ஆகா. தலைவலி அதனால வரலாம், வராமலும் இருக்கலாம். இதுல டாக்டருங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயல. மாத்திரை எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா ஆணையம் ஒத்துக்கணும்."

ஆகா என்று மரியாதையாக விளித்து, இவ்வளவு நேர்மையாகவும் பேசிய அரசாங்க ஊழியரை அவர் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி மொலூக், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்பத்து மூணு வயசுல மூக்கு எதுக்கு நேராகணும்?"

"தலை வலிக்குதுடி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எதிர் வீட்டு ஜலாலும் தலை வலிக்குதுன்னுதான் போனாரு. திரும்பி வந்தாரு, முடிக்குச் சாயம் அடிச்சாரு, அப்புறம் வீட்டுக்கே வரல."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தார். கத்தி அவள் பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

ஹாஜி முராதுக்கு மூக்கின் மேல் சந்தேகம் இல்லை. ஆளின் மேல்தான்.

"ஹெஷ்மத், நீ என் தம்பி மாதிரி. ஆனா தினமும் இருபது ரொட்டி கருகுது. வரிசையில நிக்கறவங்க என்னைத் திட்டறாங்க. புத்தாண்டுக்குள்ள ஒரு தாள் கொண்டு வா. ஒண்ணு ஆபரேஷன் தேதி போட்ட தாள், இல்லன்னா உனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்ற தாள். ரெண்டும் இல்லன்னா அடுப்ப கல்லுப் பொறுக்கற கரீம் கிட்ட குடுத்துடுவேன். நீ கல்லுப் பொறுக்கலாம்."

ரொட்டியில் ஒட்டிய கூழாங்கற்களைத் தட்டிவிடுவதுதான் கல் பொறுக்குவது. கடைக்கு வந்த முதல் வருடம் அவர் செய்த வேலை. அடுப்பில் நிற்பவனுக்குப் பேட்டையில் ஒரு மரியாதை உண்டு. அதை விட்டுக் கீழே இறங்க அவர் தயாராக இல்லை. மார்ச்சில் வரும் ஈரானியப் புத்தாண்டுக்கு மூன்று மாதம் இருந்தது.

ஆணையத்தில் மனுப் போட்டு, முதல் அமர்வுக்கு, இருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கோப்புகளைக் கவனிக்கும் ஷகீபா கானம், கானம் என்றால் அம்மாள், வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கில் பிளாஸ்திரி. மாடிப்படியில் தேநீர்த் தட்டோடு இறங்கிய ஊழியர் மூக்கிலும் பிளாஸ்திரி. அறைக்குள் மூன்று பேர்: தலைவர் டாக்டர் ஃபரஹ்மந்த், அவருக்கு வலப்பக்கம் மூக்கு டாக்டர், இடப்பக்கம் நரம்பு டாக்டர். தலைவரின் மூக்கு அளவெடுத்துச் செதுக்கியதுபோல் இருந்தது. ஹெஷ்மத் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

தலைவர் பாதி எழுந்து வரவேற்றார். "வாங்க, வாங்க. உங்க காலடி என் கண்ணு மேல. எப்படி இருக்கீங்க, ஹெஷ்மத் ஆகா?"

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

"உடம்பெல்லாம்?"

"உங்க நிழல்ல ஒரு குறையும் இல்லீங்க."

"வேற ஏதாவது குறை?"

"உங்களைப் பாத்ததே போதும். நீங்க நல்லா இருக்கணும்."

பெரியவர் விசாரித்தால் வேறென்ன சொல்வது? நெஞ்சில் கத்தி குத்தியிருந்தாலும், கத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, நல்லா இருக்கேன் என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள். மரியாதைப் பேச்சு முடியட்டும், பிறகு வலியைச் சொல்லலாம் என்று அவர் காத்திருந்தார். ஷகீபா கானம் எழுதி முடித்து முத்திரை குத்திவிட்டாள். 'மனுதாரர் நலமாக இருப்பதாகவும், உடலில் குறை ஏதும் இல்லை என்றும், தலைவரைப் பார்த்ததே போதும் என்றும் தானாக முன்வந்து தெரிவித்தார். மனு முடித்துவைக்கப்படுகிறது.'

"கானம், அது மரியாதைக்குச் சொன்னதும்மா. யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்வாங்க?"

"நீங்க சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப நீங்க உண்மையாவே எப்படி இருக்கீங்கன்னு நாங்க எப்படித்தான் கேக்கறது?"

ஹெஷ்மத் மேல்முறையீட்டுப் படிவம் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இரண்டாம் அமர்வுக்கு ஐந்து வாரம். அதற்குள் இரண்டு சான்றுகள் கேட்டார்கள். மனுதாரர் தன் மூக்கின் தோற்றத்தில் திருப்தியாக இருக்கிறார் என்பதற்கு அக்கம்பக்கத்தாரின் கையெழுத்து ஒன்று. மனைவியின் நேரடிச் சாட்சியம் இன்னொன்று.

கையெழுத்துக்கு ஹெஷ்மத் அலையவில்லை. ரொட்டி வரிசையே இருந்தது. வரிசையில் நின்ற நாவிதர் வாசகம் எழுதிக் கொடுத்தார்: 'கீழே கையெழுத்திட்ட நாங்கள் மேற்படி மூக்கை இருபது வருடத்துக்கு மேலாக அறிவோம். அதன் உரிமையாளர் அதைப் பற்றிப் பெருமைப்பட்டோ வருத்தப்பட்டோ நாங்கள் கண்டதில்லை.' நாற்பத்தாறு பேர் போட்டார்கள். கருகிய ரொட்டி வாங்கிய ஒரு கிழவர் மட்டும், மூக்கைப் பற்றிப் புகார் இல்லை, ரொட்டியைப் பற்றி உண்டு, என்று ஓரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திட்டார்.

மொலூக், தலையோடு போர்த்திய கறுப்புச் சாதரை இறுக்கிக்கொண்டு அமர்வுக்கு வந்தாள்.

தலைவர் முதலில் சொற்பொழிவு ஆற்றினார். எல்லா அமர்வும் அப்படித்தான் தொடங்கும் என்று ஷகீபா கானம் சொன்னாள்.

"அம்மா, நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. ஆனா கணக்கைப் பாருங்க. போன வருஷம் இந்தத் தலைவலி பதினெட்டுலேருந்து இருபத்தெட்டு வயசுக்குள்ள இருக்கற பொண்ணுங்களைத்தான் தாக்கியிருக்கு. அதுவும் கல்யாண மாசத்துக்கு ரெண்டு மாசம் முன்னால. உலகத்துல எந்தக் கிருமிக்காவது காலண்டர் தெரியுமா? மோசடிம்மா. எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. என் பொண்ணுக்கே அந்தத் தலைவலி வந்துச்சு. நானே கையெழுத்துப் போட்டேன். இப்ப கண்ணுக்கு லட்சணமா இருக்கா, மாப்பிள்ளையும் அமைஞ்சாச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே இந்த அநியாயம் நடக்கவே கூடாதுன்னு."

இரு டாக்டர்களும் தலையசைத்தார்கள். பிறகு மொலூக்கைக் கேட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் மூக்கு அழகா இருக்கா?"

"மூக்கு. மூக்கு இருக்கற எடத்துல இருக்கு."

"அழகுன்னு எழுதவா, அழகில்லன்னு எழுதவா?" என்றாள் ஷகீபா கானம்.

"மூக்குன்னு எழுதும்மா."

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்லையே."

தலைவர் பொறுமையாக விளக்கினார். அழகில்லை என்றால், அழகாக்கிக்கொள்ளத்தான் மனுதாரர் வந்திருக்கிறார் என்று ஆகும். அழகு என்றால், அதைக் கத்தியால் கெடுத்த பழி நிறுவனத்தின் தலையில் விழும். மொலூக் இரண்டையும் கேட்டுவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பல வருடத்துக்குப் பிறகு அந்த மூக்கை அவள் உற்றுப் பார்த்தது அப்போதுதான்.

"ஐயா, இவர் காலைல வேலைக்குப் போயிட்டு வந்து சுவத்துல தலையை வெச்சு முட்டறாரு. நான் நடிப்புன்னு நெனச்சேன். போன வெள்ளிக்கிழமை வீட்டுல யாரும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு முட்டிக்கிட்டிருந்தாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். யாரும் பாக்காதப்ப யாருங்க நடிப்பாங்க?"

ஹெஷ்மத்துக்கு வேவு பார்த்தாளே என்ற கோபமும், நம்பிவிட்டாளே என்ற நன்றியும் ஒன்றாக வந்தன.

"சுவர் முட்டறதுக்குக் கட்டம் இருக்கா?" என்று தலைவர் ஷகீபா கானத்தைக் கேட்டார். இல்லை.

அதற்குள் டாக்டர்கள் இருவரும் மோதிக்கொண்டார்கள். எலும்பு முட்டுகிற இடத்திலிருந்துதான் வலி கிளம்புகிறது என்றார் மூக்கு டாக்டர். ஊரில் பாதிப் பேருக்கு எலும்பு கோணல், எல்லோருக்குமா வலிக்கிறது என்றார் நரம்பு டாக்டர். இது நரம்பின் தலைவலி, மூக்கு வெறுமனே பக்கத்து வீடு என்பது அவர் கட்சி. இந்தச் சண்டை பதினோரு வருடமாக அந்த மேசையில் நடந்துவருவதாகவும், இருவருக்கும் அதற்காகவே படி தரப்படுவதாகவும் ஷகீபா கானம் மெதுவாகச் சொன்னாள். கடைசியில் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். தலை வலிக்கும்போது, எலும்பு முட்டுகிற இடத்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்து நனைத்த பஞ்சை வைப்பது. வலி போனால் மூக்குதான் காரணம். போகாவிட்டால் இல்லை.

"அடுத்த அமர்வுக்குத் தலைவலியோட வாங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணி," என்றார் தலைவர்.

அடுத்த அமர்வன்று ஹாஜி முராத் பெரிய மனது பண்ணி அவருக்கு விடுப்புக் கொடுத்துவிட்டார். நன்றாகத் தூங்கி எழுந்து பத்து மணிக்குப் போனார். பஞ்சும் மருந்தும் தயாராக இருந்தன. மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். எங்கும் வலிக்கவில்லை. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முப்பது தடவை குனிந்தார். நரம்பு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். 'மனுதாரர் வந்திருந்தார். தலைவலி ஆஜராகவில்லை. ஒத்திவைக்கப்படுகிறது' என்று பதிவானது.

படியிறங்கும்போது அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்தது. இத்தனை படித்தவர்கள் இல்லை என்கிறார்கள். மூன்று வருடமாக வலித்தது வலிதானா, இல்லை நான்தான் ஏதாவது நினைத்துக்கொண்டேனா? அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் நாற்பதாவது ரொட்டியில் ஆணி அடித்தபோது, திருட்டுப் பயலே, நேற்று எங்கே போயிருந்தாய் என்று அதைத் திட்டினார்.

புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது நான்காம் அமர்வு. இந்தத் தடவை அவர் ஏமாறவில்லை. விடியலில் அடுப்புக்குப் போய் நூற்றைம்பது ரொட்டி போட்டார். கண்ணில் நீர் வழிய, மாவுக் கையோடு வாடகைக் காரில் ஏறி, வலி போய்விடக் கூடாதே என்று முழங்கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே, யாருக்குப் பயந்து ஒளியறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"தலைவலி. ஆபீசுக்குக் கொண்டு போறேன்."

"நல்லது. எல்லாரும் அங்கேருந்துதான் கொண்டு வருவாங்க."

பத்து மணிக்கு அறைக்குள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள். மூக்கு டாக்டர் பஞ்சை வைத்தார். தேநீர்த் தட்டு ஒரு தடவை வந்து போனது.

பத்து நிமிடம் போயிருக்கும். அடிக்கிற சுத்தியல் நின்றது. முதலில் அவர் நம்பவில்லை, வழக்கம்போலச் சந்தேகப்பட்டார். இடது கண்ணைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே மலையில் பனி தெரிந்தது. மூன்று வருடத்தில், அடுப்பில் நின்ற ஒரு நாளில், இரண்டு கண்ணாலும் காலை நேரத்து மலையை அவர் பார்த்தது அன்றைக்குத்தான். வெட்கமில்லாமல் அழுதார்.

"போச்சா?" என்றார் மூக்கு டாக்டர்.

"போச்சுங்க. சுத்தமா போச்சு."

மூக்கு டாக்டர் எழுந்து நின்று நரம்பு டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு வருடத்து வழக்கு முடிந்தது. 'மூக்குக்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டு என்பது இந்த மனுதாரர் விஷயத்தில் ஐயமற நிரூபணமாகிறது' என்று தலைவர் சொல்லச் சொல்ல ஷகீபா கானம் எழுதினாள். எழுதி முடித்து, தாளைத் திருப்பினாள்.

"கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்கு. தீர்ப்பு நேரத்துல மனுதாரருக்குத் தலைவலி இருக்கா?"

ஹெஷ்மத்துக்கு எங்கேயோ வலை விரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இருக்கிறது என்றால் பஞ்சு வேலை செய்யவில்லை, மூக்கு காரணம் இல்லை, ஆபரேஷன் இல்லை. இல்லை என்றால் நோயே இல்லை, ஆபரேஷன் எதற்கு?

"ஐயா, இப்ப மருந்து இருக்கறதால இல்ல. மருந்து போனா வரும்."

"வருங்காலத்தப் பத்தி ஆணையம் கேக்கல," என்றார் தலைவர் கனிவாக. "இந்த நிமிஷம். பொய் சொல்லாம சொல்லுங்க. தொழுகற ஆளு நீங்க."

"இல்லீங்க."

'இல்லை' என்று பதிவாயிற்று. 'தொடர்பு நிரூபணமானது. நோய் ஆணையத்தின் அறையிலேயே குணமானது. அறுவை சிகிச்சை தேவையற்றது. மனுதாரர் முழு நலத்துடன் வேலைக்குத் திரும்பலாம்.' மூன்று கையெழுத்து, இரண்டு முத்திரை. நரம்பு டாக்டர்கூட மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டார்.

"குணமாயிட்டீங்க, இனிப்பு எங்க?" என்றார் தேநீர் ஊழியர். நல்லது நடந்தவர்தான் இனிப்பு வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்தை மீற ஹெஷ்மத்துக்குத் தெரியாது. தெருமுனைக் கடையில் பாலேடு வைத்த பண்டம் ஒரு கிலோ கட்டச் சொல்லிவிட்டு நின்றபோது இடது கண்ணுக்குப் பின்னால் முதல் அடி விழுந்தது. பெட்டியோடு படியேறுவதற்குள் ஐம்பது அடி.

"ஐயா, வந்துடுச்சு," என்றார், பெட்டியை மேசைமேல் வைத்து, கண்ணை மூடியபடி.

தலைவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "என்ன வந்துடுச்சு?"

"தலைவலி."

"அது போயிடுச்சே. நாங்க மூணு பேரும் பாத்தோமே. இது வேற தலைவலி, ஹெஷ்மத் ஆகா. புது மனு போடுங்க. புத்தாண்டு விடுமுறை முடிஞ்சு வாங்க."

ஹாஜி முராத் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். ஹெஷ்மத்தைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தமிட்டு, தாளுக்குச் சட்டம் போட்டு, அடுப்புக்கு மேலே சுகாதார உரிமத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கரீம் மறுபடி கல் பொறுக்கப் போனான்.

மறுநாள் விடியலில் வரிசை தெருவரை நின்றது. பண்டிகைக் காலம். நாற்பதாவது ரொட்டியில் கண் மூடியது. எட்டு ரொட்டி கருகியது. வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்ட அதே கிழவர் கறுத்த ரொட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"ஹாஜி, பாவம், அந்த மனுஷனுக்குத் தலைவலி போல இருக்கு."

ஹாஜி முராத் சுவரைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், கடைசியில் ஹெஷ்மத்தைப் பார்த்தார். மூன்று வருடமாக இல்லாத ஒரு தெளிவு அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"தலைவலி இல்ல," என்றார். "அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. அப்ப இவன் வேணும்னேதான் கருக்கறான்."

ஹெஷ்மத் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, வரிசையை விலக்கி வெளியே போனார். வழிவிட்டவர்களில் யாரோ ஒருவர், பார்த்தாயா, மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது, ஆபரேஷன் காசை வாங்கிச் சாப்பிட்டிருப்பான், என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.